பாதி கட்டி வந்த விமானமும், நான் போட்ட ஒரு கீறலும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு கோடிங் இல்ல, ஏஐ இல்ல, அப்ரைசல் புலம்பலும் இல்ல. ஒரு விமானத்தைப் பத்திப் பேசப் போறேன். டிக்கெட் போட்டு ஏறுற விமானம் இல்ல. ஒரு வீட்டு கராஜ்ல, கார் நிக்க வேண்டிய இடத்துல, ரெண்டு பேர் சனிக்கிழமைதோறும் கட்டிக்கிட்டு இருக்கிற விமானம். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். என் பதவி எடுபிடி. விமானம் எங்க ஆபீஸ்ல இருக்கிற ஒரு அண்ணாவோடது.

புதுசா கேட்கிறவங்களுக்குச் சொல்லிடறேன். நான் இருக்கிறது அமெரிக்காவுல, ஓரிகன் மாநிலத்துல, ஹில்ஸ்பரோங்கிற ஊர்ல. படிச்சது கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. இந்தக் கதை உங்கள்ல பாதிப் பேருக்கு நடந்த கதைதான். அண்ணா திருநெல்வேலிக்காரர், வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. இங்க வந்தப்புறம் பைலட் லைசன்ஸ் எடுத்தவர். ஒருநாள் லஞ்ச்ல, "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? ட்ரில் பிடிக்கத் தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியும்னு சொன்னேன். அந்தப் பதில்லயும் கொஞ்சம் பொய் இருந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

கிட் விமானம்னா என்ன?

நம்ம ஊர்ல இதைச் சொன்னா முதல்ல வர்ற கேள்வி, "வீட்டுல விமானம் கட்ட அனுமதி உண்டா?" அமெரிக்காவுல உண்டு. எக்ஸ்பெரிமென்டல் வகையில, அமெச்சூர் பில்ட்னு தனிப் பிரிவே இருக்கு. ஒரு முக்கியமான நிபந்தனை: விமானத்தைக் கட்டுற வேலையில பெரும்பகுதியை, கத்துக்கவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுற சாதாரண ஆளுங்களே செஞ்சிருக்கணும். பேச்சு வழக்குல இதை 51 சதவீத விதின்னு சொல்வாங்க.

அண்ணா வாங்கினது ஆர்வி-7. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ற, முழுக்க அலுமினியத் தகட்டால ஆன சின்ன விமானம். இறக்கை முனையில இருந்து முனைக்கு சுமார் 25 அடி. தயாரிக்கிறது ஓரிகன்லயே அரோராங்கிற ஊர்ல இருக்கிற வேன்ஸ் ஏர்கிராஃப்ட். ஆர்விங்கிறது அதை ஆரம்பிச்ச எஞ்சினியர் ரிச்சர்ட் வேன்க்ரன்ஸ்வெனோட இனிஷியல். அவர் 1971-ல ஆர்வி-3 பறக்கவிட்டதுல தொடங்கினது. இன்னைக்கு 11,000-க்கும் மேல ஆர்வி விமானங்கள் கட்டி முடிஞ்சு பறந்திருக்கு. பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட கராஜ்லயோ, ஷெட்லயோ, ஹேங்கர்லயோ ஆரம்பிச்சது.

இந்தக் கிட்ல ரெண்டு வகை இருக்கு. சாதாரணக் கிட்ல தகடும் ரிப்பும் பெட்டியில வரும், எல்லாத்தையும் நீங்களே சேர்க்கணும். இன்னொண்ணு குவிக்பில்ட். இதுல இறக்கையும் ஃபியூஸ்லேஜும், அதாவது விமானத்தோட உடலும், பெருமளவு ரிவெட் அடிச்சே வந்துடும். அந்த வேலை பிலிப்பைன்ஸ் மாதிரி இடங்கள்ல நடக்குது. வால் பகுதிக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. அதைக் கட்டித்தான் கைப்பழக்கம் வரணும். அண்ணா வாலைத் தனியாவே முடிச்சுட்டார். ஃபியூஸ்லேஜ் வந்தப்போதான் என்னைக் கூப்பிட்டார்.

பாதி ரெடியா வர்றதை வாங்கிட்டா 51 சதவீதம் எப்படி வரும்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். அவங்க மணி நேரத்தைக் கணக்குல எடுக்கல. விமானம் கட்டுறதை வேலை வேலையா பிரிச்சு ஒரு செக்லிஸ்ட் வச்சிருக்காங்க. ஒவ்வொரு வேலையையும் யார் செஞ்சதுன்னு பார்ப்பாங்க. குவிக்பில்ட் அந்தக் கோட்டைத் தாண்டாத மாதிரிதான் நிறுத்தி அனுப்பப்படுது.

முதல் நாள் ஒரு ரிவெட்கூட அடிக்கல

வாடகை டிரக் எடுத்துக்கிட்டு அரோரா போய், மழையில, ஃபியூஸ்லேஜைக் கொண்டு வந்தோம். கராஜ்ல இறக்கி வச்சுப் பார்த்தா, ஒரு படகு மாதிரி இருக்கு. பக்கச் சுவர் இருக்கு, அடித்தட்டு இருக்கு, முன்னாடி எஞ்சினையும் நம்மையும் பிரிக்கிற ஃபயர்வால் இருக்கு. அண்ணி வந்து எட்டிப் பார்த்துட்டு, "முடிஞ்சுபோச்சு போலயே, அடுத்த மாசம் பறக்கலாமா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அண்ணா சிரிச்சார். அவர் கணக்குப்படி இன்னும் ஆயிரம் மணி நேரத்துக்குப் பக்கத்துல வேலை பாக்கி.

என்ன பாக்கின்னா, ரடர் பெடல், பிரேக் குழாய், எரிபொருள் குழாய், கன்ட்ரோல் ஸ்டிக், ஃபிளாப் மோட்டார், வயரிங், உட்கார்ற இடத்துத் தரை, கேனபி, அப்புறம் எஞ்சின், இறக்கை, வால் எல்லாத்தையும் இதோட சேர்க்கிறது. வெளியில இருந்து பார்த்தா விமானம், உள்ள எட்டிப் பார்த்தா காலிப் பாத்திரம்.

முதல் சனிக்கிழமை முழுக்க எண்ணினோம். சின்னச் சின்னப் பையில ரிவெட், ஸ்க்ரூ, நட்டு. ஒவ்வொரு பையையும் லிஸ்ட்டோட ஒப்பிட்டு டிக் அடிச்சோம். எங்க பாட்டி மளிகைச் சாமான் வந்ததும் துண்டுச் சீட்டை வச்சு ஒவ்வொண்ணா சரிபார்ப்பாங்க, அதே மாதிரி.

ரெண்டாவது சனிக்கிழமை இன்னும் மோசம். மேனுவலை எடுத்து முதல் பக்கத்துல இருந்து படிச்சோம். சாதாரணக் கிட் கட்டுறவனுக்கு ஒண்ணு முடிச்சா ரெண்டு, ரெண்டு முடிச்சா மூணு. குவிக்பில்ட்ல அப்படி இல்ல. ஒவ்வொரு வரியையும் படிச்சு, இது நடந்திருக்கா, இல்லையா, பாதி நடந்திருக்கான்னு ஃபியூஸ்லேஜ்ல போய்ப் பார்க்கணும். நடந்திருந்தா பச்சை மார்க்கர், இல்லன்னா மஞ்சள். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியும். வேற டீம் எழுதின பழைய கோடை உங்க தலையில கட்டி, எழுதினவன் யாருன்னே தெரியாம, கமிட் ஹிஸ்டரியும் இல்லாம, "மீதிய முடிச்சுடு"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதேதான்.

மூணாவது வாரம் டார்ச். அண்ணா ஒவ்வொரு வரிசை ரிவெட்டையும் டார்ச் அடிச்சுப் பார்த்தார். ரிவெட்னா ஒரு சின்ன அலுமினியக் கம்பி, ஒரு பக்கம் தலை. ஓட்டைக்குள்ள விட்டு, வெளியில இருந்து ரிவெட் கன் தலையைத் தட்டும், உள்ள ஒருத்தர் பக்கிங் பார்ங்கிற கனமான இரும்புக் கட்டையை வாலுக்கு முட்டுக் கொடுப்பார். வால் நசுங்கி ஒரு குட்டி வட்டமாகும். அந்த வட்டம் கம்பியோட விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும், பாதி அளவு உயரமும் இருந்தா சரி. அளந்து பார்க்க சின்ன கேஜ் இருக்கு. ஃபேக்டரியில அடிச்சதுதானே, எதுக்கு இதைப் பார்க்கணும்னு நான் கேட்டேன்.

"அடிச்சது அவங்க. கையெழுத்துப் போடப்போறது நான்"னு சொன்னார்.

சும்மா பேச்சுக்குச் சொல்லல. கட்டி முடிச்சதும் பெரும்பகுதியை நான்தான் கட்டினேன்னு அவர் சட்டப்படி கையெழுத்துப் போடணும். அதுக்கு ஆதாரம் பில்டர் லாக். என்னைக்கு, யார், என்ன செஞ்சாங்க, போட்டோவோட. இன்ஸ்பெக்டர் அதைப் பார்ப்பார்.

பெரிய குறை ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் அடிச்சிருந்தாங்க. எங்கேயோ ஒரு கூடத்துல, நமக்குப் பேர் தெரியாத யாரோ ஒருத்தர், இவ்வளவு நெருக்கத்துல கையை விட்டு இவ்வளவு ஒழுங்கா அடிச்சிருக்காரேன்னு எனக்கு ஒரு மரியாதையே வந்துடுச்சு.

அந்தச் சனிக்கிழமை

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

ஒருவழியா வேலை ஆரம்பிச்சுது. சீட்டுக்குக் கீழ வரிசையா ரிப் இருக்கும், அதாவது குறுக்கு நெடுக்கா நிக்கிற தகடுச் சட்டங்கள். அது மேல தரைத் தகட்டை வச்சு ரிவெட் அடிச்சு மூடிடணும். மூடுறதுக்கு முன்னாடி குழாய், வயர் எல்லாம் போற வழியை முடிச்சுடணும். மூடிட்டா திரும்ப அங்க கை போகாது. பக்கிங் பார் பிடிக்க ஒல்லியான ஆள் வேணும்னு என்னைத்தான் உள்ள இறக்குவார். அன்னைக்கு ட்ரில்லும் என் கையில.

ஒரு ரிப்ல வயர் போக கூடுதலா ஒரு ஓட்டை. முதல்ல சின்ன ஓட்டை போட்டு, அப்புறம் பெரிசாக்கணும். இடம் இறுக்கமா இருந்ததால ஒரு அடி நீள ட்ரில் பிட். நேரா பிடிக்க முடியாம சாய்ச்சுப் பிடிச்சேன். பின்னாடி ஒரு மரத்துண்டு வைன்னு அண்ணா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரே ஒரு ஓட்டைதானேன்னு வைக்கல. பிட் தகட்டைத் தாண்டின வேகத்துல, விருட்டுன்னு கீழ போய் அடித்தட்டுல இடிச்சு இழுத்துடுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். அரை இன்ச் நீளத்துக்கு ஒரு கீறல். ஒரு முனையில ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி.

அண்ணா அப்போ டீ போட உள்ள போயிருந்தார். நான் விரலால தேய்ச்சுப் பார்த்தேன். போகல. அலுமினியத் தூள் கொஞ்சம் அது மேல கிடந்துச்சு. அதை ஊதலாமா, அப்படியே விடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஊதல. அண்ணா டீயோட வந்தார். "ஆச்சா?"ன்னார். "ஆச்சுண்ணா"ன்னேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கத்துத் தரையை மூடிடலாம்னு சொன்னார். சரின்னேன்.

நல்லா தெரிஞ்சேதான் மறைச்சேன். ஒரு கீறல் அலுமினியத்துக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லவே முடியாது. மெக்கானிக்கல்ல எஸ்-என் கர்வ்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க. ஒரு உலோகத்தை எவ்வளவு விசையில எத்தனை தடவை இழுத்து விட்டா அது உடையும்னு காட்டுற கோடு. எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அதுக்குக் கீழ எவ்வளவு தடவை ஆட்டினாலும் தாங்கும்னு வச்சுக்கலாம். அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை கிடையாது. கோடு இறங்கிக்கிட்டே போகும். கூர்மையான கீறல் இருந்தா, விசை எல்லாம் அந்த முனையில போய்க் கூடும். விரிசல் அங்கதான் பிறக்கும். 1954-ல ரெண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானத்துல சிதறினதுக்குக் காரணம் இந்த உலோகச் சோர்வுதான். அது உள்ள காத்தழுத்தம் ஏத்துற பெரிய விமானம், இது அப்படி இல்ல. ஆனா பாடம் ஒண்ணுதான். போதாக்குறைக்கு, இந்தத் தகட்டு மேல அரிப்பு வராம இருக்கச் சுத்தமான அலுமினியத்தை மெல்லிசா பூசியிருப்பாங்க. கீறினா அதுவும் போச்சு. இதை நான் 16 மார்க் கேள்வியா எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன்!

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூணு நாளும் எனக்கு நானே வக்கீல் வச்சு வாதாடினேன். சின்னக் கீறல். பெரிய விசை வர்ற இடமா இருக்காது. யாரும் பார்க்கப் போறதில்ல. அந்த "யாரும் பார்க்கப் போறதில்ல"தான் என்னைத் தூங்க விடல. ஏன்னா, இன்னும் நாலு நாள்ல அது உண்மையாயிடும்.

புதன்கிழமை லஞ்ச்ல சொன்னேன். அண்ணா தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஸ்பூனைக் கீழ வச்சார்.

"எவ்வளவு ஆழம்?"

"தெரியலண்ணா. நகத்துல தட்டுப்படுது."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கோபப்படுவீங்கன்னு..."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சத்தம் போடாமத்தான் சொன்னார். "கீறலுக்கு நான் கோபப்பட மாட்டேன் தம்பி. வாலைக் கட்டும்போது நான் போடாத கீறலா? எத்தனை தகட்டைத் தூக்கிப் போட்டிருக்கேன். ஆனா பிலிப்பைன்ஸ்ல முகம் தெரியாத ஒருத்தர் அடிச்ச ரிவெட்டை எல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். என் பக்கத்துல நின்னு நீ செஞ்சதை நான் பார்க்கவே இல்ல. நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கல.

மூடாம வச்ச தரை

அடுத்த சனிக்கிழமை தரையை மூடல. பதிலா, நான் தொட்ட ஒவ்வொரு இடத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். இது யார் போட்ட ஓட்டை? நான். இது? நான். ஓட்டையோட மையத்துல இருந்து தகட்டு ஓரத்துக்கு ரிவெட் விட்டத்தைப் போல ரெண்டு மடங்காவது இடம் இருக்கான்னு அளந்தோம். நேரம் போனது போனதுதான். ஆனா திட்டு வாங்கியிருந்தாகூட இவ்வளவு கத்துக்கிட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் அண்ணா ஒரு டெக்னிக்கல் கவுன்சிலரைக் கூப்பிட்டார். இஏஏன்னு ஒரு சங்கம் இருக்கு, 1953-ல பால் போபெரஸ்னிங்கிறவர் ஆரம்பிச்சது, வீட்டுல விமானம் கட்டுறவங்களுக்காக. அதுல அனுபவசாலிகள் தன்னார்வலர்களா வந்து உங்க வேலையைப் பார்த்துச் சொல்வாங்க. எங்களுக்கு வந்தவர் ஓய்வு பெற்ற விமான மெக்கானிக். அவர் வந்து சேர ரெண்டு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் அந்த ஃபியூஸ்லேஜ் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

பெரியவர் படுத்து, லென்ஸ் வச்சுப் பார்த்தார். நகத்தை ஓட்டினார். ஆழம் அதிகமில்ல, ஆனா அப்படியே விடக்கூடாதுன்னார். நைஸான தாளால கீறலோட ஓரத்தையும் அந்தப் புள்ளியையும் தேய்ச்சு, கூர்மை போக வழவழப்பாக்கச் சொன்னார். அப்புறம் ப்ரைமர். தேய்க்கிற வேலையை அண்ணா எனக்குத்தான் கொடுத்தார். ஒரு மணி நேரம். கிளம்பும்போது பெரியவர் ஒண்ணு சொன்னார். "இது சரிபண்ணக்கூடிய கீறல். மூடியிருந்தா இதை யாராலயும் சரிபண்ணியிருக்க முடியாது."

அன்னைக்கு ராத்திரி அண்ணா பில்டர் லாக்கை என் முன்னாடி வச்சார். "நீ எழுது"ன்னார்.

நம்ம காலேஜ் ரெகார்ட் நோட் ஞாபகம் இருக்கா? ரீடிங் எல்லாம் சீனியர் நோட்ல இருந்து காப்பி. வேல்யூ எப்படியும் வரணுமே, அதனால விடையில இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். நாலு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஃபிட்டிங் லேப்ல நான் ராவின துண்டுகூட பக்கத்து பெஞ்ச் நண்பன் முடிச்சுக் கொடுத்தது. ட்ரில் பிடிக்கத் தெரியும்னு அண்ணாகிட்ட சொன்னதுல பொய் இருந்துச்சுன்னு சொன்னேனே, இதுதான் அது. என்னோட முதல் உண்மையான ரெகார்டை 28 வயசுல, ஒரு கராஜ்ல உட்கார்ந்து எழுதினேன். தேதி. இடம். என்ன ஆச்சு. யாரால. எப்போ சொன்னேன். அந்த "எப்போ" வரியை எழுதத்தான் ரொம்ப நேரமாச்சு. கீழ ஒரு குறிப்பு: வருஷா வருஷம் நடக்கிற இன்ஸ்பெக்‌ஷன்ல, சின்ன கேமராவை உள்ள விட்டு இந்த இடத்தைப் பார்க்கணும்.

இப்போ எங்க நிக்குது?

தரையை மூடியாச்சு. ரடர் பெடல் உட்கார்ந்தாச்சு. பிரேக் குழாயை வளைச்சுக்கிட்டு இருக்கோம். மூணு குழாயை வளைச்சதுல ரெண்டு குப்பைக்குப் போச்சு. ஒண்ணு நான், ஒண்ணு அண்ணா. ரெண்டையும் அப்பப்பவே சொல்லிக்கிட்டோம்.

எல்லாம் முடிஞ்சு பறந்தாலும் உடனே நான் ஏற முடியாது. எஞ்சின், புரொப்பல்லரைப் பொறுத்து வழக்கமா 25 இல்லன்னா 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. அந்தக் காலத்துல பயணி கூடாது. அதுக்கப்புறம் ஏறினாலும், இது அமெச்சூர் கட்டினது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது இல்லன்னு பயணி கண்ணுல படுற மாதிரி ஒரு பலகை இருக்கணும். சட்டமே சொல்லுது.

முதல் பயணி அண்ணி. ரெண்டாவது நான்னு அண்ணா வாக்குக் கொடுத்திருக்கார். பயணி உட்கார்றது வலது சீட். கீறல் இருக்கிறதும் வலது சீட்டுக்குக் கீழதான். அண்ணி அந்த லாகைப் படிச்சுட்டாங்க. "அப்போ முதல்ல நீயே உட்காரு"ன்னு சொல்லிட்டாங்க. பேச்சுவார்த்தை போய்க்கிட்டு இருக்கு.

இதுல பெரிய தத்துவம் எதுவும் சொல்ல வரல மக்களே. யாரோ பாதி கட்டிக் கொடுத்ததைத்தான் நாம எல்லாரும் ஆபீஸ்ல தினமும் கையில எடுக்கிறோம். அவங்க செஞ்சதை சந்தேகத்தோட பார்க்க நமக்கு நல்லாத் தெரியும். நாம செஞ்சதையும் அதே டார்ச்சால பார்த்துட்டா போதும். மூடாம வச்சிருக்கிற தரை ஏதாவது உங்ககிட்ட இருந்தா, சனிக்கிழமைக்கு முன்னாடி சொல்லிடுங்க. புதன்கிழமை லேட்டுதான். ஆனா மூடினதுக்கு அப்புறம் சொல்றதுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்த எபிசோடுல கேனபி வெட்டுறதைப் பத்திப் பேசலாம். பெரிய அக்ரிலிக் கூடு, தப்பா வெட்டினா ஒட்டவே முடியாது. அதை வெட்டப்போறது யாருன்னு இன்னும் முடிவாகல. பார்த்துக்கோங்க, வர்றேன்.